விழாத கல்

சூளகிரியைத் தாண்டிக் கிருஷ்ணகிரி நோக்கிப் போகும்போது இரண்டு பக்கமும் தெரிகிற குன்றுகளில் மண் குறைவு. பெரும்பாலும் வெறும் பாறை. அதன் முதுகிலும் தோளிலும் குண்டுக்கற்கள். சில கற்கள் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. சில, சரிவின் விளிம்பில் ஒற்றையாக நிற்கின்றன. முதல் முறை பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இது எப்படி விழாமல் நிற்கிறது?

அதே கேள்வி சில வருஷங்களாக எனக்குள்ளும் இருக்கிறது, கொஞ்சம் மாறி. எத்தனை காலமாக விழாமல் நிற்கிறது? அந்தக் காலம் முழுவதும் இந்தத் தரை எவ்வளவுதான் ஆடியிருக்க முடியும்?

*

ராயக்கோட்டைப் பக்கம் ஒரு குன்றில் எனக்குப் பழக்கமான கல் ஒன்று இருக்கிறது. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. தூரத்திலிருந்து பார்த்தால் பாறையோடு ஒட்டிப்போனதாகத் தோன்றும். பக்கத்தில் போய்க் குப்புறப் படுத்து அடியைப் பார்த்தால் மூன்று இடத்தில் மட்டும்தான் தொட்டுக்கொண்டிருக்கிறது. மற்ற இடமெல்லாம் விரல் நுழைகிற சந்து. அந்தப் பக்கத்து வெளிச்சம் கோடாகத் தெரிகிறது. தொடுகிற இடங்களில் கல் நொறுங்கி வெள்ளை மாவாகக் கிடக்கிறது. அந்த மாவைச் சுற்றிக்கொண்டு எறும்புச் சாரி போகிறது. மேல்புறம் முழுக்கச் சாம்பலும் ஆரஞ்சுமாகக் கற்பாசி படர்ந்திருக்கிறது. கற்பாசி மெதுவாக வளர்வது. கல் புரண்டிருந்தால் அதற்கு அந்த அகலம் வந்திருக்காது.

ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் அங்கே வருவார். “எங்க தாத்தா காலத்துலயும் இது இப்பிடியேதாங்க நின்னுது” என்றார். அவருடைய தாத்தாவின் தாத்தாவும் அதையே சொல்லியிருப்பார்.

*

இந்தக் கற்களை யாரும் தூக்கி வைக்கவில்லை. மேலிருந்து உருண்டு வந்தவையும் குறைவு. பெரும்பாலானவை நிற்கிற இடத்திலேயே உருவானவை. கிருஷ்ணகிரிப் பாறைகளுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. தார்வார் நிலத்தொகுதி என்று புவியியலார் சொல்கிற பழைய கண்டத்தின் தென்கோடி இது. பாறை பூமிக்குள் இருந்தபோதே குறுக்கும் நெடுக்குமாக விரிசல் விட்டிருந்தது. விரிசல் வழியே நீர் இறங்கியது. மூலைகள் முதலில் கரைந்தன, பிறகு விளிம்புகள். நடுவில் உருண்டையாக ஒரு கெட்டிக் கரு மிஞ்சியது. பல லட்சம் ஆண்டு மழை சுற்றியிருந்த மக்கிய மண்ணைக் கழுவிக்கொண்டு போனதும் கரு வெளியே வந்தது. மாமல்லபுரத்து வெண்ணெய் உருண்டைக் கல்லும் இப்படிப் பிறந்ததுதான்.

மண் போய்க் கல் வெளியே வந்த நாளிலிருந்து அதற்கு ஒரு கணக்கு தொடங்குகிறது. வானத்திலிருந்து ஓயாமல் விழும் காஸ்மிக் கதிர்கள் கல்லின் மேல்தோலில் பெரிலியம்-10 என்ற அணுவைக் கொஞ்சம் கொஞ்சமாக உண்டாக்குகின்றன. அதை அளந்தால் கல் எவ்வளவு காலமாக வெயில் பார்க்கிறது என்று சொல்லிவிடலாம்.

*

அமெரிக்காவின் நெவாடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் புரூன் 1990-களில் இப்படி நிற்கிற கல்லை ஓர் அளவுகோலாக மாற்றினார். நிலநடுக்கமானியில் ஆட்டம் பதிவாகும். விழாத கல்லில் ஆட்டம் இல்லாதது பதிவாகியிருக்கிறது. “இந்த அளவுக்கு மேல் இங்கே தரை ஆடவில்லை, ஆடியிருந்தால் நான் விழுந்திருப்பேன்” என்று அது சொல்கிறது.

கணக்கு எளிமையானது. ஒரு மீட்டர் அடி, நாலு மீட்டர் உயரம் உள்ள ஒரு கல்லைச் சாய்க்க, அதன் எடையில் ஏறக்குறைய கால் பங்கு அளவுக்குப் பக்கவாட்டுத் தள்ளல் வேண்டும். உண்மையில் பெரிய கல்லுக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும், தள்ளல் சற்று நேரம் நீடிக்கவும் வேண்டும். ஒல்லியும் உயரமுமான கல் சிறு ஆட்டத்துக்கே சாயும். தடித்த உருண்டை எதற்கும் அசையாது. அதனால் எல்லாக் குண்டுக்கல்லும் இதற்கு உதவாது. பலவீனமாக நிற்கிற கல்தான் வேண்டும். எது விழுந்துவிடும் என்று பார்க்கிறவருக்குப் பயம் வருகிறதோ அதுவே நல்ல சாட்சி.

2020-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த அன்னா ரூட் குழு, கலிபோர்னியாவின் டயாப்ளோ கேன்யன் அணுமின் நிலையத்துக்கு அருகே நிற்கிற இப்படிப்பட்ட கற்களை அளந்தது. அந்த இடத்தின் நிலநடுக்க அபாயக் கணிப்பில் இருந்த நிச்சயமின்மை கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தது. கம்ப்யூட்டர் கணிப்புகள் ஆயிரக்கணக்கான ஆண்டுக்கு முன்னால் என்ன நடந்திருக்கலாம் என்று ஊகிக்கின்றன. கல் அங்கேயே இருந்திருக்கிறது.

*

பூமியில் நின்ற கல் பேசுகிறது. நிலாவில் விழுந்த கல்.

1972 டிசம்பரில் அப்போலோ 17-இல் போன ஹாரிசன் ஷ்மிட், நிலாவில் கால் வைத்த முதல் தொழில்முறைப் புவியியலாளர். அவரும் யூஜின் செர்னனும் டாரஸ்-லிட்ரோ பள்ளத்தாக்கில் ஒரு மலையடிவாரத்தில் ஐந்து துண்டாக உடைந்து கிடந்த பெரும்பாறையைப் பார்த்தார்கள். அது மேலேயிருந்து உருண்டு வந்த தடம் சுமார் அரைக் கிலோமீட்டருக்குச் சரிவில் அப்படியே இருந்தது. அந்தக் கல் உருண்டது சுமார் 2 கோடியே 20 லட்சம் ஆண்டுக்கு முன்னால் என்று பிறகு கணக்கிட்டார்கள். காற்றில்லை, மழையில்லை. நுண்ணிய விண்கற்கள் வந்து மோதி மோதித்தான் ஒரு தடம் அழிய வேண்டும்.

2020-இல் வேலன்டின் பிக்கல் என்பவரின் குழு, நிலாவைச் சுற்றிவரும் கலம் எடுத்த இருபது லட்சத்துக்கு மேற்பட்ட படங்களைக் கணினிக்குக் கொடுத்துத் தேடச் சொன்னது. கிடைத்த பாறைச் சரிவுகள் 1,36,610. எல்லாம் நிலநடுக்கத்தால் விழுந்தவை அல்ல. பெரும்பாலானவற்றுக்கு விண்கல் மோதியதுதான் காரணம் என்பது அவர்கள் முடிவு. ஆக, விழுந்த கல்லைப் பார்த்தவுடன் “இங்கே நிலம் நடுங்கியது” என்று சொல்லிவிட முடியாது. எது தள்ளியது என்று விசாரிக்க வேண்டும்.

அப்படி விசாரித்தவர்களில் ஹைதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வகத்தின் பி. செந்தில்குமார் முக்கியமானவர். 1975 ஜனவரி 3 அன்று நிலாவில் 4.1 அளவில் ஒரு நடுக்கம் வந்தது. அப்போலோ வீரர்கள் வைத்துவிட்டு வந்த கருவிகள் அதைப் பதிந்தன. அவரும் சகாக்களும் அந்த இடத்தை ஒட்டிய லாவே பள்ளத்தின் படங்களைத் துருவினார்கள். சரிவுகளில் புதிதாகக் கற்கள் கூட்டமாகச் சரிந்திருந்தன. பக்கத்திலேயே, நிலா குளிர்ந்து சுருங்கும்போது மேலோடு உடைந்து ஏறிய சிறு படிகள் இருந்தன. 2019-இல் வெளியான கட்டுரை இவை இரண்டையும் அந்த 1975 நடுக்கத்தோடு சேர்த்துக் காட்டியது. கருவி ஒரு பக்கம், நடந்து நாற்பது வருஷத்துக்குப் பிறகும் அழியாத கல் தடம் ஒரு பக்கம். இரண்டும் ஒரே நிகழ்ச்சியைச் சொல்கின்றன. இதை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. சூளகிரிக் கற்கள் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தன.

செவ்வாயில் நிலைமை வேறு. அகமதாபாத் பி.ஆர்.எல். ஆய்வகத்தின் எஸ். விஜயன் குழு 2022-இல் காட்டியது: அங்கே கல் உருண்டு தெறித்த மண்ணின் தடம், காற்றில் தூசு படிந்து இரண்டு முதல் நான்கு செவ்வாய் ஆண்டுக்குள் மங்கிவிடுகிறது. நம் கணக்கில் நாலிலிருந்து எட்டு வருஷம். அதனால் பளிச்சென்று தெரிகிற தடம் என்றால் அது நேற்று நடந்தது என்று பொருள். இன்சைட் கலம் 2018 முதல் 2022 வரை செவ்வாயில் ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட நடுக்கங்களைக் கேட்டது. அதிகம் நடுங்குகிற பகுதிகளில் ஒன்றான செர்பரஸ் பிளவுகளில் இந்தப் புதிய தடங்களும் இருக்கின்றன.

*

2023 ஆகஸ்ட் 23. சந்திரயான்-3-இன் விக்ரம் கலம் நிலாவில் இறங்கியதை ஓசூர் பஸ் நிலையத்தில் எல்லோரும் போனில் பார்த்துக்கொண்டு நின்றது ஞாபகம் இருக்கிறது. அந்தக் கலத்தில் இல்சா என்று ஒரு சின்னக் கருவி இருந்தது. பெங்களூரில் இஸ்ரோவின் லியோஸ் ஆய்வகம் செய்தது. சிலிக்கானில் நுணுக்கமாகச் செதுக்கிய ஆறு முடுக்கமானிகள் அதற்குள். அப்போலோ கருவிகளை 1977 செப்டம்பர் 30-இல் அணைத்த பிறகு நிலாவின் தரையில் காது வைத்த முதல் நிலநடுக்கமானி, தென்துருவப் பக்கத்தில் வைத்ததில் இதுவே முதல்.

190 மணி நேரம் கேட்டது. 250-க்கு மேற்பட்ட அதிர்வுகள். அவற்றில் ஏறக்குறைய 200, நம்முடைய பிரக்யான் ரோவர் நகர்ந்ததாலும் மற்றக் கருவிகள் வேலை செய்ததாலும் வந்தவை. எஞ்சிய 50-க்கு அப்படி ஒரு காரணம் காட்ட முடியவில்லை. ஆகஸ்ட் 26-இல் பதிவானது ஒன்று இயற்கையானதாகத் தோன்றியது என்று இஸ்ரோ அறிவித்தது. நிலாவைக் கேட்கப் போனவர்கள் முதலில் தங்கள் சத்தத்தைப் பிரித்து எடுத்து ஓரமாக வைக்க வேண்டியிருந்தது. இதைப் பெரிய பாடமாக எடுத்துக்கொள்கிறேன்.

அதே வருஷம் கால்டெக் ஆய்வாளர்கள் அப்போலோ 17-இன் பழைய பதிவுகளைத் திரும்ப எடுத்தார்கள். தினமும் நிலாவின் காலையில் ஒரே மாதிரி வந்த தொடர் அதிர்வுகளுக்கு அவர்கள் கண்ட காரணம், வீரர்கள் விட்டுவிட்டு வந்த இறங்கு கலம். வெயில் ஏறும்போது அந்த உலோகம் விரிந்து சடசடத்திருக்கிறது. ஆள் போன பிறகும் ஆளின் பொருள் அங்கே சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

நிலாவில் ஓர் அதிர்வு பத்து நிமிஷத்துக்கு மேலும் நீளும். தண்ணீர் இல்லாத, நொறுங்கிய மேலோடு. அடித்த கோயில் மணி மாதிரி ரீங்காரம் அடங்காது.

சந்திரயானுக்கு நம் பக்கத்து மண்ணும் போயிருக்கிறது. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் அனார்த்தசைட் பாறை இருக்கிறது. நிலாவின் மேட்டு நிலங்களில் இருப்பதும் அந்த வகைதான். அதை இடித்து, அரைத்து, சலித்துச் செய்த செயற்கை நிலா மண்ணைப் பெங்களூரில் ஒரு கூடத்தில் பரப்பி, கலத்தின் கால்களையும் ரோவரின் சக்கரங்களையும் அதில் சோதித்தார்கள். சேலத்திலிருந்து பெங்களூருக்குச் சரக்கு போகிற வழி கிருஷ்ணகிரி, ஓசூர்தான். நிலாவுக்கு ஒத்திகை பார்த்த மண் இந்தக் குண்டுக்கற்களைப் பார்த்துக்கொண்டே போயிருக்கும் என்று நினைக்க எனக்குப் பிடித்திருக்கிறது.

*

இப்படிச் சத்தம் பிரிக்கிற வேலை எங்களுக்கும் உண்டு. ஓசூரில் நான் வேலை பார்க்கிற யூனிட்டின் குவாலிட்டி ரூமில் ஒரு கறுப்பு கிரானைட் சர்ஃபேஸ் பிளேட் இருக்கிறது. அதன் முகம் மைக்ரான் கணக்கில் சமமாகத் தேய்க்கப்பட்டது. ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதன் மேல் பாகத்தை வைத்து டயல் கேஜை இறக்கினால், பக்கத்து ஷெட்டில் பவர் பிரஸ் அடிக்கும்போதெல்லாம் முள் மெல்லத் துடிக்கும். லாரி திரும்பினால் வேறு மாதிரி துடிக்கும். ஃபோர்க்லிஃப்ட் வந்தால் இன்னொரு மாதிரி. சில மாதத்தில் கண்ணுக்கு இது பழகிவிடும். எது பிரஸ், எது லாரி என்று முள்ளைப் பார்த்தே சொல்லிவிடலாம். முக்கியமான அளவு என்றால் பிரஸ் ஓயும் டீ இடைவேளைக்குக் காத்திருப்போம்.

சிப்காட் தொழிற்பேட்டை வந்த 1970-களிலிருந்து ஓசூரின் தரை ஓய்ந்ததில்லை. ஒரே ஒருமுறை ஓய்ந்தது. 2020 மார்ச் கடைசியில் கொரோனா ஊரடங்கில் எல்லாம் மூடியபோது. அந்த வசந்தத்தில் உலகம் முழுக்க நிலநடுக்கமானிகள் அமைதியைக் கண்டன. 117 நாடுகளின் 268 நிலையப் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு அந்த ஜூலையில் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. மனிதர் எழுப்பும் அதிர்வு சில இடங்களில் பாதி வரை குறைந்திருந்தது. வழக்கமாக நம் இரைச்சலில் மூழ்கிப்போகும் சின்ன நடுக்கங்கள் அப்போது கேட்டன.

மனிதர் உண்டாக்கிய நடுக்கத்தை நம் பக்கத்து மக்கள் நேரில் அறிவார்கள். பக்கத்துக் கோலார் தங்கவயலில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கித் தோண்டினார்கள். தோண்டிய வெற்றிடத்தை மேலே உள்ள பாறை நெருக்கும்போது சுவர் வெடித்துச் சிதறும். ராக் பர்ஸ்ட். மேலே லயன் வீடுகள் குலுங்கும். உள்ளே ஷிப்டில் இருந்தவர்களில் பலர், வட ஆற்காட்டிலிருந்தும் சேலம் பக்கத்திலிருந்தும் போன தமிழர்கள், திரும்பவில்லை. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. பிறகு தண்ணீர் நிரம்பிய காலத்திலும் கீழே பாறை வெடித்துக்கொண்டிருந்தது.

*

இங்கே இயற்கை நிலநடுக்கம் குறைவு. இல்லை என்று சொல்ல முடியாது. 1900 பிப்ரவரி 8-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் 6 அளவை ஒட்டி ஒன்று வந்து தென்னிந்தியா முழுக்க உணரப்பட்டது. 1984-இல் ஓசூர், பெங்களூர்ப் பக்கமே நாலரையை ஒட்டி ஒன்று. 2021 கடைசியில் வேலூர்ப் பக்கம் சிறுசிறு நடுக்கங்கள். 1993 செப்டம்பர் 30-இல் லாத்தூர் மாவட்டம் கில்லாரியில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் இறந்தார்கள். அதுவும் அசையாத பழைய நிலம் என்று நம்பப்பட்ட இடம்தான். இப்படிப்பட்ட நிலத்தில் பெரிய நடுக்கம் ஆயிரக்கணக்கான ஆண்டுக்கு ஒருமுறை வரலாம். நம்மிடம் இருக்கிற கருவிப் பதிவோ நூற்றுச் சொச்சம் ஆண்டுக்கானது. பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூரில் பாபா அணு ஆய்வு மையம் நிறுவிய கருவி வரிசை 1965-இலிருந்து கேட்கிறது. மற்றவர் ரகசியமாக வெடிக்கும் அணுகுண்டைக் கண்டுபிடிக்க வைத்தது, நிலநடுக்கத்தையும் சேர்த்துக் கேட்கிறது. கருவிகளுக்கு முந்தைய காலத்துக்கு யாரைக் கேட்பது?

கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லச்சந்திரம் குன்றின் மேலே பெருங்கற்காலக் கல்திட்டைகள் இருக்கின்றன. பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு மூடுகல். சில நிற்கின்றன, சில சரிந்துவிட்டன. நிற்பவை இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாக நிற்கின்றன. ஆனால் சரிந்தவற்றைப் பார்த்து நடுக்கம் என்று சொல்லக் கூடாது. புதையல் தேடிக் கிளறியவர்கள் உண்டு, மாடு உரசியதும் உண்டு. மனிதக் கை படாத, எட்டாத விளிம்பில் நிற்கிற குண்டுக்கல்தான் நம்பகமான பதிவு. அதன் கணக்கு கல்திட்டையைவிடப் பல மடங்கு பழையது.

*

அந்தப் பதிவுகள் போய்க்கொண்டிருக்கின்றன. பர்கூர், ஜெகதேவிப் பக்கத்துக் கிரானைட் உலகமெல்லாம் தரையாகவும் சமையல் மேடையாகவும் கிடக்கிறது. ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் உடைவது அதைவிட அதிகம். குவாரியில் சாயங்காலம் வேட்டு வைப்பார்கள். விசில் ஊதி, சிவப்புக் கொடி காட்டி, ஆட்கள் விலகியதும் ஒரு கணம் எல்லாம் நிற்கும். பிறகு தரை ஒரு தூக்குத் தூக்கிப் போடும். தூசு கிளம்பியபின்தான் சத்தம் வந்து சேரும். ஓசூரிலும் பெங்களூரிலும் எழும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஃபேக்டரிக்கும் ஜல்லி வேண்டும், என் வீட்டுக்கும் வேண்டியிருந்தது. குவாரியில் உழைத்துச் சாப்பிடுகிற குடும்பங்கள் நிறைய. குவாரியே கூடாது என்று நான் சொல்லவில்லை.

எந்தக் கல்லை உடைக்கிறோம் என்று பார்த்துவிட்டு உடைக்கலாம். இதற்குப் பெரிய செலவில்லை. அரசு நிலத்துக் குன்று ஏலத்துக்கு வருமுன் ஒரு புவியியல் மாணவர் குழு ஏறிப் பார்க்கட்டும். ஒல்லியாக, ஓரமாக, குறுகிய அடியில் நிற்கிற கற்களைப் பல கோணத்தில் படம் எடுக்கட்டும். உயரம், அடி அகலம், தொடும் இடங்கள், சாய்வுக் கோணம் குறித்துக்கொள்ளட்டும். கல்லின் மேலிருந்தும் அடிப்பாறையிலிருந்தும் ஒரு துண்டு எடுத்துப் பெரிலியம் கணக்குக்கு அனுப்பலாம். நிலாவின் 1,36,610 சரிவுகளுக்குப் பட்டியல் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குன்றுகளில் நிற்கிற கற்களுக்கும் ஒரு பட்டியல் வேண்டும்.

சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துப் புவியியல் துறையினர் சித்தம்பூண்டிப் பாறையை இஸ்ரோவுக்கு அடையாளம் காட்டிக் கொடுத்தவர்கள். மாவட்டப் புவியியல் மற்றும் சுரங்கத் துறை அலுவலகம் ஒவ்வொரு குன்றின் சர்வே எண்ணையும் வைத்திருக்கிறது. இவர்கள் சேர்ந்தால் ஒரு கோடைக்காலத்தில் தொடங்கிவிடலாம். இதைப் படிக்கிற ஆசிரியர், மாணவர் யாராவது சூளகிரி, ராயக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் இருந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓர் அளவு நாடாவும் போனும் எடுத்துக்கொண்டு போய் ஒரே ஒரு கல்லையாவது அளந்து எழுதி வையுங்கள். ஏலம் முடிந்த குன்றில் அந்த அளவை எடுக்க முடியாது.